தகடும் மண்ணும்

செம்பு என்னுஞ் சொல் தமிழில் ஓர் உலோகத்தைக் குறிக்கும். அவ்வுலோகத்தாற் செய்த சிறு நீர்க்கலத்தையும் குறிக்கும். பொருளின் பெயரே கலத்தின் பெயராகவும் அமைந்துவிடும் அளவிற்கு அது தமிழர் வீட்டு வாழ்வோடு ஒன்றியிருந்தது. அரசர் தம் நிலக்கொடைகளை எழுதிவைக்கவும் செம்பையே நாடினர். முதலாம் இராசராசனது ஆனைமங்கலக் கொடையைக் கூறும் பெரிய இலெய்டன் செப்பேடு 21 ஏடுகளைக் கொண்டது. முதலாம் இராசேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேடு 31 ஏடுகளைக் கொண்டது. ஓலையைச் செல்லரிக்கும், இரும்பைத் துரு தின்னும், செம்போ நிலைத்து நிற்கும் என்னும் நம்பிக்கையே இவ்வேடுகளின் பின்னால் நின்றது எனலாம். இன்று வீடுகளிற் 'செம்பு' என எடுத்து நீட்டப்படுவது பெரும்பாலும் 'சில்வர்' என வழங்கும் கறைபிடியா உருக்கினால் ஆனது. பெயர் எஞ்சியுள்ளது, பொருள் போய்விட்டது.

பொருள் போனபின் அதனை ஆக்கியவர் எங்குப் போயினர் என்பது ஆராய்ச்சியாளர் அதிகம் கேளாத வினா. யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமப் பகுதியில், வீட்டுக் கோடியில் ஓர் ஓலைக்கொட்டிலைப் பட்டறையாகக் கொண்டு வாழும் முதியவர் ஒருவர் அவ்வினாவிற்கு ஒரு விடையாக இருக்கின்றார். அவருக்கு வயது அறுபத்தெட்டு. தந்தையிடம் தொழில் பழகிய காலத்திற் கிடாரமும் அண்டாவும் செம்பும் அடித்தவர். அலுமினியமும் பிளாத்திக்கும் வந்தபின் குத்துவிளக்கிற்குத் திருத்தவேலை, கோயிற் கலங்களுக்கு ஈயப் பூச்சு என்பனவே அவருக்கு எஞ்சின. மக்கள் இருவரும் வெளிநாட்டில். அவரோடு பட்டறையில் நிற்பவன் தங்கையின் மகன். உயர்தரத்தில் உயிரியற் பிரிவிற் கற்று, வெட்டுப்புள்ளியைச் சிறிதளவிலே தவறவிட்டவன், இருபத்துநான்கு வயதினன். வெளிநாடு போவதா, மாமனோடு நிற்பதா என்னும் முடிவை ஈராண்டுகளாக ஒத்திவைத்துக்கொண்டே வந்தவன்.

2023 ஆம் ஆண்டின் முற்பகுதியில் அவனுடைய முயற்சியால் ஒரு வேலை வந்தது. நுவரெலியாவில் விருந்தினர் விடுதியொன்றை நடத்துபவர், வாயிற் படிகளின் இருமருங்கும் விறாந்தையிலும் வைப்பதற்குக் கைவேலையாற் செய்த பன்னிரண்டு செப்புப் பூச்சாடிகள் வேண்டுமெனக் கேட்டார். ஒவ்வொன்றும் 36 சென்ரிமீற்றர் விட்டமும் 35 சென்ரிமீற்றர் உயரமும் உடையதாக இருத்தல் வேண்டும். பட்டறைக்கு அத்தகைய வேலை பதினைந்து ஆண்டுகளாகக் கிடைத்ததில்லை. அது நன்கு நிறைவேறினால் மருமகன் நிற்பான், பிழைத்தாற் போய்விடுவான். இருவரும் இதனை வாய்விட்டுப் பேசவில்லை. ஆயினும் இருவருக்கும் அது தெரிந்தே இருந்தது.

மாதிரிச் சாடி ஒன்றை மருமகனே முதலிற் செய்தான். மாமன் அவ்வேளை காய்ச்சலிற் படுத்திருந்தார். மின்வேலைக்காரர் ஒருவரிடம் எஞ்சியிருந்த செப்புத் தகட்டினை மலிவாக வாங்கி, வாயுச் சுவாலையால் உயர்ந்த வெப்பத்திற் பற்றவைத்து அதனை முடித்தான். பார்வைக்கு அது குறைவின்றி இருந்தது. தண்ணீர் நிரப்பியபோதோ பொருத்தின் இருபுறமும் மயிரிழை போன்ற வெடிப்புகளினூடாக நீர் கசிந்தது. பற்றாசு வைத்த இடத்திற் குறையில்லை. அதனை அடுத்திருந்த தகடே வெடித்திருந்தது. மாமன் எழுந்து வந்து அதனைத் தட்டிப் பார்த்தார்.

"இது வெடிக்கிற செம்பு, தம்பி. நெருப்புப் பட்டால் உள்ளுக்கை உடைஞ்சு போகும். எங்கடை அப்புவுக்கும் ஒருக்கால் இப்பிடி நடந்தது."

அவர் கூறியது அனுபவம். அதற்கான காரணத்தை மருமகன் பின்னர் நூல்களிலே தேடிக் கண்டான். மின்வேலைக்கென ஆக்கப்படும் செம்பு மிகத் தூயது, நூற்றுக்கு 99.9 பங்கிற்குக் குறையாத செம்பைக் கொண்டது. எனினும் அதனுள்ளே மிகச் சிறிதளவு ஒட்சிசன் தங்கியிருக்கும். ஐதரசன் மிகுந்த சுவாலையில் அதனைச் செஞ்சூடாக்கும்போது ஐதரசன் உலோகத்தினுட் புகுந்து ஒட்சிசனோடு கூடி நீராவியாகும். வெளியேற வழியற்ற அவ்வாவி உலோகத்தின் மணிகளைப் பிளந்துவிடும. பொசுபரசு சிறிதளவு சேர்த்து ஒட்சிசன் நீக்கப்பட்ட செம்பில் இக்குறை நேர்வதில்லை. அதன் மின்கடத்துதிறன் குறைவு. பூச்சாடிக்கு மின்கடத்துதிறன் எதற்கு? ஆகவே மிகத் தூய்மையானது என்று பெயர் பெற்ற பொருள் எல்லா வேலைக்கும் ஏற்றதாகிவிடாது என்பதை மருமகன் தன் கைப்பொருளை இழந்து கற்றான்.

இதன் பின்னரே இருவருஞ் சேர்ந்து தகடு தேர்வதற்காகக் கொழும்பு சென்றனர். திருகோணமலை மாவட்டத்துச் சேருவிலைப் பகுதியிற் செம்புத் தாதுப் படிவு இருப்பது 1971 ஆம் ஆண்டிற் கண்டறியப்பட்டபோதிலும், பட்டறைக்கு வேண்டிய தகடு கடல் கடந்தே வருகின்றது. எனவே உலகச் சந்தையின் ஏற்றத்தாழ்வு வலிகாமத்துக் கொட்டிலையும் எட்டும். இலண்டன் உலோகச் சந்தையில் 2021 மே மாதத்தில் ஒரு தொன் செம்பு 10,000 அமெரிக்க டொலரைக் கடந்தது. அடுத்த ஆண்டு இலங்கை ரூபா வீழ்ச்சியுற்று ஒரு டொலரின் பெறுமதி 350 ரூபாவிற்கு மேற் சென்றது. 2023 இல் இரண்டும் சற்றே தணிந்திருந்தபோதும் பழைய விலை திரும்பவில்லை. இத்தகைய சூழலில் ஒரு கிலோகிராம் கூடுவதும் குறைவதும் வேலைகாரரின் கூலியிலேயே முடியும்.

புறக்கோட்டைக் கடையிலே முதலில் எழுந்த வினா தடிப்புப் பற்றியது. மாமன் கேச் இலக்கத்திற் பேசுபவர். மருமகன் மில்லிமீற்றரில் நினைப்பவன். கேச் இலக்கம் கூடக்கூடத் தகடு மெலியும் என்பது புதியவரை மயங்கவைக்கும் முறையாகும். 20 ஆம் இலக்கத் தகட்டின் தடிப்பு ஏறத்தாழ 0.91 மில்லிமீற்றர், 22 ஆம் இலக்கம் 0.71, 24 ஆம் இலக்கம் 0.56. செம்பின் அடர்த்தி ஒரு கன சென்ரிமீற்றருக்கு 8.96 கிராம் ஆதலால், நான்கடி அகலமும் எட்டடி நீளமுங் கொண்ட முழுத் தகடு 20 ஆம் இலக்கத்தில் 24 கிலோகிராமிற்குச் சற்று மேலும், 22 இல் 19 கிலோகிராமளவும், 24 இல் 15 கிலோகிராமளவும் நிறுக்கும்.

மருமகன் வெட்டும் முறையையும் கணக்கிட்டு வைத்திருந்தான். ஒரு சாடியின் சுற்றுச்சுவருக்குப் பொருத்தும் விளிம்பும் உட்பட 115 சென்ரிமீற்றர் நீளமும் 38.5 சென்ரிமீற்றர் அகலமும் வேண்டும். நான்கடித் தகட்டின் அகலம் 122 சென்ரிமீற்றர். ஆகவே சுவர் குறுக்காக அடங்கும். நான்கு சுவர்களை வெட்டியபின் எஞ்சும் துண்டில் 38 சென்ரிமீற்றர் வட்டங்கள் நான்கினைத் தாராளமாக எடுக்கலாம். எனவே ஒரு தகட்டிற்கு நான்கு சாடி. பன்னிரண்டிற்கு மூன்று தகடு. விடுதிக்காரருக்கு அவன் கொடுத்த விலை 24 ஆம் இலக்கத்தை எண்ணிக் கொடுத்த விலையாகும். மூன்று தகடுகளும் அவ்விலக்கத்தில் 45 கிலோகிராம். 22 ஆம் இலக்கத்தில் 57 கிலோகிராம். இடைப்பட்ட பன்னிரண்டு கிலோகிராமுமே இருவரது கூலியின் பெரும்பங்கு.

கடைக்காரரும் மருமகனின் பக்கமே நின்றார்.

"ஐயா, இதைவிட மெல்லிசிலேயே இப்ப நிறையப் பேர் செய்றாங்க. வாயை உருட்டி விட்டா நல்லா நிக்கும். கூரைக்கே இந்தத் தடிப்புத்தான் போடுறாங்க."

அவர் கூறியது பொய்யன்று. விளிம்பினை ஒரு கம்பியின் மேற் சுருட்டிவிட்டால் மெல்லிய தகடும் வளைவிற்கு எதிர்நிற்கும். கூரைகளுக்கு அத்தகைய தடிப்பைப் பயன்படுத்துவதும் உண்மையே. ஆனாற் கூரைத் தகட்டின் கீழே பலகை உண்டு. அது தன்னைத் தானே தாங்கி நிற்பதில்லை. பூச்சாடிக்கோ பின்துணை எதுவும் இல்லை. குறித்த அளவுள்ள சாடி ஏறத்தாழ 35 இலீற்றர் மண்ணைக் கொள்ளும். மலைநாட்டு மழையில் நனைந்தபின் அம்மண் ஐம்பது கிலோகிராமை நெருங்கும். யாரேனும் அதன் வாயைப் பற்றி இழுத்து நகர்த்தும் நாளிலேதான் தகட்டின் தடிப்பு வெளிப்படும். மேலும் கைவேலைச் சாடி என்பதாற் சுவர் முழுவதும் சுத்தியலின் தழும்பு வேண்டும். அடிக்கும் இடமெல்லாந் தகடு விரிந்து மெலியும், 0.56 மில்லிமீற்றர் என்பது வாங்கும்போது உள்ள அளவேயன்றி முடிந்தபின் உள்ள அளவன்று.

"சரி மாமா, அப்ப 20 ஐயே எடுப்பமே?" என்றான் மருமகன், சிறிது எரிச்சலோடு.

"அது கிடாரத்துக்கு. இதின்ரை வாயை மரச்சுத்தியலாலை உருட்ட எனக்கு இனிக் கையிலை பலம் காணாது. வீண்தடிப்பும் பிழைதான். 22 போதும்."

தடிப்பே தரம் என்று முதியவர் கருதவில்லை என்பது இங்குக் கவனிக்கத்தக்கது. வேலையின் சுமையும் வினைஞரின் கைப்பலமும் சந்திக்கும் இடத்தையே அவர் தேடினார்.

அடுத்து வந்தது பதம். ஒரே தடிப்புள்ள தகடு மென்பதத்திலும் அரைக்கடினப் பதத்திலும் கிடைக்கும். மூலையைப் பிடித்து மெல்ல வளைத்துவிட்டால், மென்பதத் தகடு வளைந்தபடியே கிடக்கும். அரைக்கடினத் தகடு மீளப் பார்க்கும். பெட்டி வடிவான தொட்டிகளின் தட்டையான பக்கங்களுக்குப் பின்னது நன்று. அடித்து வளைக்கும் உருண்டைச் சாடிக்கு முன்னதே வேண்டும். முதியவர் தகட்டின் ஓரத்தைப் பெருவிரலால் அமர்த்தியபடி, "கண்ணாலை பாத்து வாங்கிறது வேற, தம்பி. இதை விரலாலை பாக்க வேணும்" என்றார். பின்னர் மடியிலிருந்து சிறு காந்தமொன்றை எடுத்து வைத்துப் பார்த்தார். அது ஒட்டவில்லை, ஆகவே செப்புமுலாம் பூசிய இரும்பன்று. வெட்டுமுகத்தை அரத்தால் இருமுறை உராய்ந்து உள்நிறத்தை நோக்கினார். மேலும் உள்ளும் ஒரே சிவப்பு. அலுமினியத்தின் மேற் செம்பு போர்த்ததாயின் நிறுவையே அதனைக் காட்டிக்கொடுத்திருக்கும். ஏனெனில் அலுமினியத்தின் அடர்த்தி செம்பினதில் மூன்றிலொரு பங்கினும் குறைவு.

மெருகு பூசிய பளபளப்பான தகடொன்றையும் கடைக்காரர் எடுத்துப் போட்டார். அது கறுக்காது என்றார். முதியவர் அதனைத் தொடவில்லை. சுத்தியலின் கீழும் நெருப்பின் முன்னும் அம்மெருகு நில்லாது. பின்னர்ப் பூசினாலும் ஒரு கீறல் விழுந்தால் அவ்வழியே ஈரம் புகுந்து திட்டுத்திட்டாகக் கறுக்கும். பூசாத செம்போ வெளியில் நின்றாற் சில கிழமைகளிற் கபிலமாகும். காலப்போக்கில் இருண்டு, பின் பச்சைப்படலம் கொள்ளும். கடற்கரை உப்புக்காற்றில் அப்பச்சை விரைந்து வரும்; தூய மலைக்காற்றிற் பல்லாண்டுகள் செல்லும். அப்படலமே உலோகத்தைக் காப்பதும் ஆகும்.

எஞ்சியது நெருப்புச் சோதனை. தகட்டின் ஓரத்திலிருந்து ஒரு விரலகலக் கீற்றைக் கேட்டு வாங்கி, அறிந்தவர் ஒருவரின் வேலைத்தலத்திற்குக் கொண்டுசென்றனர். வாயு மிகுந்த மஞ்சட் சுவாலையில் அதனைச் செஞ்சூடாக்கிச் சிறிதுநேரம் வைத்திருந்து, ஆறியபின் ஒடுக்கி மடித்தார் முதியவர். திரும்ப நிமிர்த்தி மீண்டும் மடித்தார். கீற்று வெடிக்கவில்லை. அதற்காக ஓர் இரவு கொழும்பிற் தங்க நேர்ந்தது. மாதிரிச் சாடியின் இழப்பை எண்ணிய மருமகன் அச்செலவைப் பற்றி ஒன்றுங் கூறவில்லை. 22 ஆம் இலக்க மென்பதத் தகடு மூன்றினை வாங்கிக்கொண்டு மறுநாள் ஊர் திரும்பினர். கூலி எங்கிருந்து வரும் என்ற பேச்சைப் பேருந்திலே இருவரும் எடுக்கவில்லை.

வேலை தொடங்கியது. அடிக்க அடிக்கச் செம்பு இறுகும். இறுகியபின் அடித்தாற் பிளக்கும். ஆகவே இடையிடையே மங்கற் சிவப்பாகும்வரை காய்ச்சி நீரில் அமிழ்த்த வேண்டும். கத்திக்குரிய உருக்கு அவ்வாறு அமிழ்த்தினாற் கடினமாகும். செம்போ அமிழ்த்தியபின்னும் மென்மையாகவே இருக்கும். கொல்லன் பட்டறையிற் பழகியவன் செம்புப் பட்டறையிலே புதிதாகக் கற்கவேண்டியது இதுவே. சுவரின் பொருத்தினைச் செப்புத் தறையாணிகளால் இறுக்கி, அதன்மேல் ஈயம் கலவாத வெள்ளீயப் பற்றாசை ஓடவிட்டனர். பாரத்தைத் தறையாணி தாங்கும். நீரைப் பற்றாசு தடுக்கும். தூய வெள்ளீயம் 232 பாகை செல்சியசில் உருகுவதால் அவ்விடத்திற் செஞ்சூடு தேவையில்லை. முன்னர் வெடித்ததுபோல வெடிக்கவும் இடமில்லை. இரும்பாணியை முதியவர் தொடவிடவில்லை. ஈரத்திற் செம்பும் இரும்பும் ஒன்றையொன்று தொட்டிருந்தால் இரும்பே அரிபடும். பிரித்தானியக் கடற்படை 1761 இல் 'அலாம்' என்னுங் கப்பலின் அடியைச் செப்புத் தகட்டாற் போர்த்து, இரு ஆண்டுகளின் பின் நோக்கியபோது, தகடு நிற்க இரும்பாணிகள் அரிபட்டிருந்தமை வரலாறு. அவ்வரலாறு முதியவருக்குத் தெரியாது. இரும்புப் பிடி போட்ட செப்புக் கலங்கள் அவரிடம் திருத்தத்திற்கு வந்திருந்தன, அதுவே போதுமாயிருந்தது.

அடியினை உள்நோக்கிச் சற்றே குவியுமாறு அடித்து, நீர் வடியும் துளைகளை விளிம்போரமாக இட்டு, கீழே மூன்று செப்புக் கால்கள் வைத்தனர். முதற் சாடி முடிந்தது. நீர் நிரப்பி ஓரிரவு வைத்தபோது துளைகளன்றி வேறெங்கும் ஒரு சொட்டேனுங் கசியவில்லை.

அவ்வேளையிலேதான் விடுதிக்காரர் தொலைபேசியில் ஒரு செய்தி சொன்னார். சாடிகளில் அசேலியாவும் ஐதரேஞ்சியாவும் நடப்போவதாகவும், ஐதரேஞ்சியா நல்ல நீலமாகப் பூப்பதற்கு வேண்டிய மண்ணைத் தோட்டத்திலிருந்தே நிரப்புவதாகவும் கூறினார். மருமகன் அன்றிரவு உறங்கவில்லை. ஐதரேஞ்சியா நீலமாகப் பூப்பது அமிலத்தன்மையுள்ள மண்ணிலாகும். தேயிலை விளையும் மலைநாட்டு மண்ணும் அத்தகையதே. அமில மண்ணிற் செம்பு கரையும். தாவரத்திற்கு மிகச் சிறிதளவு செம்பு உணவு. அளவு மிஞ்சினால் அது வேருக்கு நஞ்சு. 1946 இல் இலங்கைத் தேயிலையைக் கொப்புள நோய் தாக்கியபோது அதனை அடக்கப் பயன்பட்டவை செம்புச் சேர்வைகளே. அதற்கு முன்னர் 1885 இல் மில்லாடே என்னும் பிரெஞ்சு அறிஞர் திராட்சைக் கொடியின் நோய்க்கு வெளியிட்ட போடோக் கலவையும் செப்புச் சல்பேற்றும் சுண்ணாம்பும் சேர்ந்ததே. பூஞ்சணத்தை மாய்க்கும் ஒரு பொருள் வேரைச் சுற்றி ஆண்டுக்கணக்காகக் கரைந்துகொண்டிருந்தால் யாது விளையும் என்பதை உயிரியல் கற்றவன் எண்ணாதிருக்க முடியாது.

ஆனால் இதனை மாமனிடம் எவ்வாறு சொல்வது? மண்ணும் செம்பும் பற்றி அவருக்கு ஒரு முடிந்த முடிபு இருந்தது. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது, தந்தை அடித்த கிடாரத்தையும் இரு அண்டாக்களையும் மாட்டுக்கொட்டிலின் கீழே புதைத்துவிட்டுத் தென்மராட்சிக்கு நடந்தவர் அவர். அடுத்த ஆண்டு திரும்பிவந்து தோண்டியபோது, மேலே ஒரு பச்சைப் பூச்சு. அதனைப் புளியால் தேய்த்ததும் கீழே குறையற்ற செம்பு. உடன் புதைத்த இரும்புக் கருவிகளைத் துரு தின்றிருந்தது. கூரையில்லாத வீட்டின் முற்றத்தில் அந்தக் கிடாரத்தைக் கவிழ்த்துவைத்து அதன்மேல் அமர்ந்திருந்த நாளை அவர் அடிக்கடி நினைவுகூர்வதுண்டு. "செம்பு மண்ணுக்குப் பயப்பிடாது" என்பது அவருக்கு வெறும் வாசகமன்று. எல்லாம் இழந்த காலத்தில் இழக்கப்படாதிருந்த ஒன்றின் சான்று.

அது பொய்யுமன்று. ஆயின் அது வலிகாமத்தின் மண். சுண்ணாம்புக்கல்லின் மேலே கிடக்கும் மண், அமிலமற்றது. புதைத்த கிடாரத்தின் சுவரில் எந்தக் கன்றின் வேரும் வாழவேண்டியிருக்கவில்லை. முதியவரின் அறிவு செம்பின் பக்கம் நின்று பெற்ற அறிவு. கன்றின் பக்கம் நின்று நோக்க அவருக்கு ஒருபோதுந் தேவை நேர்ந்ததில்லை.

மறுநாட் காலை, துருத்தியருகே மருமகன் பேச்சைத் தொடங்கினான்.

"மாமா, ஒண்டு கேக்கட்டே? செம்புச் சட்டிக்கை புளிக்கறி வைக்கலாமே?"

"ஈயம் பூசாட்டில் வைக்கேலாது. களிம்பு ஊறும். உதென்ன கேள்வி?"

"நுவரெலியா மண் புளிச்ச மண், மாமா."

முதியவரின் சுத்தியல் நின்றது. அவர் மருமகனைப் பாராது, முடிந்து நின்ற சாடியைப் பார்த்தார். நூலிற் படித்த அமில அளவுகளை எல்லாம் அவன் எடுத்துரைத்திருந்தால் அவர் ஒருவேளை ஏற்றிருக்கமாட்டார். புளியும் களிம்பும் அவருடைய தொழிலின் சொற்கள். அவர் வாழ்நாளெல்லாம் கலங்களுக்கு ஈயம் பூசியது இதே காரணத்திற்காகவே. தனக்குத் தெரிந்த ஒன்றைத் தானே வேறோரிடத்திற் பொருத்திப் பார்க்கவில்லை என்பதை அவர் அக்கணத்தில் உணர்ந்திருத்தல் வேண்டும். நெடுநேரத்தின் பின், "செம்புக்கு ஒண்டும் வராது. ஆனால் கண்டு செத்துப்போகும் எண்டு சொல்லுறாய்" என்றார்.

"உடனை சாகாது. ஆனால் வளராது."

உள்ளே வெள்ளீயம் பூசலாமா என்று இருவரும் ஆராய்ந்தனர். மண்வெட்டியின் ஒரு கீறலுக்கு அப்பூச்சு ஆற்றாது, செலவோ மிகுதி. மண்சாடியொன்றை உள்ளே வைத்து, செம்பை அதன் புறக்கலமாக ஆக்குவதே தக்க வழி எனத் தெளிந்தது. அவ்வாறு செய்தால் மண்ணுக்குரிய இடம் குறையும்; பெருங்கன்று நட இயலாது. விடுதிக்காரர் கேட்டது இதுவன்று. அவரிடம் ஒன்றுங் கூறாது பன்னிரண்டையும் அனுப்பிவிட்டாற் பணம் வந்து சேரும். கன்றுகள் வாடுவதற்குச் செல்லும் காலத்தில் யாருஞ் சாடியைக் குறைகூறப்போவதில்லை. மண்ணையோ தோட்டக்காரனையோ குறைகூறுவர். மருமகன் இதனையும் மாமனிடம் சொன்னான். சொல்லும்போது அவரது முகத்தைக் கூர்ந்து நோக்கியபடியே சொன்னான்.

"ஆர் குறை சொல்லுவினம் எண்டதில்லைக் கதை. போனைப் போடு" என்றார் அவர்.

மருமகனே பேசினான். உண்மையை மறைக்காது கூறி, உட்சாடியின் அளவையும் தெரிவித்தான். விடுதிக்காரர் இரண்டு நாள் மௌனமாயிருந்தார். மூன்றாம் நாள், படிகளில் வைப்பதற்கு எட்டுப் போதுமென்றும், பெருங்கன்றுகளுக்குரிய நான்கினையும் சீமெந்தாற் செய்விக்கப்போவதாகவும் அறிவித்தார். விலையில் மாற்றமில்லை. எட்டுச் சாடிக்கு இரு தகடு. மூன்றாந் தகடு கையில் நின்றது. அதன் பெறுமதியையும் கொழும்புப் பயணத்தையும் மாதிரிச் சாடியின் இழப்பையும் கழித்தால், இருவரும் இரண்டு மாதம் பட்ட உழைப்பிற்கு எஞ்சியது மிகச் சொற்பமே.

அன்று மாலை மருமகன் ஒரு வினா எழுப்பினான். மண் செம்பைத் தொடப்போவதில்லையாயின் 24 ஆம் இலக்கத் தகடே போதுமாயிருந்திருக்கும் அல்லவா? அவ்வாறாயின் கூலியாவது மிஞ்சியிருக்குமே. வினா நியாயமானது. உட்சாடியின் பாரமும் அதே அடியிலேதான் இறங்கும் என்று முதியவர் விடைகூறியிருக்கலாம். அவர் கூறியது வேறு.

"மண் தொடாட்டிலும் ஆக்களின்ரை கை தொடும், தம்பி. தூக்கேக்கை விளங்கும்."

கைவினை பற்றி எழுதுவோர் பொதுவாக இரு வகையினர். பழைய வினைஞர் எல்லாம் அறிந்தவர், நவீனக் கல்வி அவ்வறிவை அழித்தது எனப் புலம்புவோர் ஒருவகை. கைத்தொழில் காலங்கடந்தது, அறிவியலே வழிகாட்ட வேண்டும் எனத் தீர்ப்பளிப்போர் மற்றொரு வகை. வலிகாமத்துப் பட்டறையில் நிகழ்ந்தது இவ்விரண்டனுள் ஒன்றினுள்ளும் அடங்காது. வெடிக்கும் செம்பை விரலால் அறிந்தவர் மாமன். அது ஏன் வெடிக்கின்றது என அறிந்தவன் மருமகன். தகட்டைத் தேர்ந்த கை ஒருவருடையது. அத்தகடு சென்று நிற்கப்போகும் மண்ணை நினைத்த தலை மற்றவருடையது. ஒருவரது அறிவு மற்றவரது மொழியிற் சொல்லப்பட்ட பின்னரே அது பயன்பட்டது. புளி என்னும் ஒரு சொல் கிடைத்திராவிட்டால் பன்னிரண்டு சாடிகளும் மலையேறியிருக்கும்.

எட்டுச் சாடிகளும் வைக்கோல் சுற்றி ஏற்றப்பட்டன. மருமகன் வெளிநாடு செல்வது பற்றிய கடிதங்களை இன்னும் கிழித்துவிடவில்லை. அவற்றிற்கு விடையும் எழுதவில்லை. மூன்றாந் தகடு பட்டறையின் மூலையிற் சாக்குப் போர்த்துச் சாத்தப்பட்டிருக்கின்றது. அதன் ஓரத்தில், கீற்று வெட்டிய இடத்தில், செம்பின் நிறம் கபிலமாக மாறத் தொடங்கியுள்ளது. அதனால் என்ன செய்வது என்று இருவரும் இன்னும் முடிவு செய்யவில்லை. ஆயினும் அதன் தடிப்பு என்ன, பதம் என்ன, நெருப்பில் அது எவ்வாறு நிற்கும் என்பதை இப்பொழுது இருவரும் அறிவர்.